பஸ் ஸ்டாப்புக்கு ஒரு வருகை நோட்டு

திருமுல்லைவாயிலில் பெரிய சாலையை ஒட்டியிருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வசந்தாவின் கையெழுத்து விழாத நாள் கிடையாது. காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவராக கேட்டுக்குள் நுழையும்போது பெயர், வீட்டு எண், வந்த நேரம். திரும்பும்போது போன நேரம். வராதவள் பெயருக்கு நேராக 'லீவு'. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான், ஆனாலும் கோடு போட்ட மாதிரி எழுதுவாள்.

உண்மையில் அது அவள் புருஷன் தசரதனின் வேலை. அவன்தான் வாட்ச்மேன். லாரி மோதி இடது கால் மடங்காமல் போனவன். எழுத்துக் கூட்டி ஒரு பெயரை எழுதுவதற்குள் ஆள் மூன்றாவது மாடிக்குப் போய்விடும். அதனால் நோட்டு இவள் கைக்கு வந்தது. கார் இறங்கும் சரிவுக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறையில் அவர்கள் இருவரும் பத்தாவது படிக்கும் மகள் பவ்யாவும் குடியிருந்தார்கள். தலைக்கு மேல் ஒவ்வொரு கார் இறங்கும்போதும் பாத்திரங்கள் லேசாக நடுங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டுக் கார் என்று வசந்தாவால் சொல்லிவிட முடியும். சொல்லமாட்டாள், அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூச்சப்படுகிறவள். பார்ப்பதற்கு மட்டும் கூச்சமில்லை.

கேட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப். ஒரு வருடமாக அங்கே மாலையில் நான்கைந்து பெண்கள் வந்து நிற்கிறார்கள். பஸ் வரும், அவர்கள் ஏறமாட்டார்கள். பைக் வந்து நிற்கும், ஏதோ பேச்சு நடக்கும், ஒருத்தி ஏறிப் போவாள். அவர்களில் ஒருத்தி கனிமொழி.

பாடியில் ரப்பர் பாகங்கள் பேக்கிங் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வசந்தாவும் கனிமொழியும் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். தசரதனுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்திரண்டு நாளும் சின்னக் குழந்தையாக இருந்த பவ்யாவுக்குத் தலைவாரி, சோறு போட்டு, தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டவள் கனிமொழிதான். பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவள் புருஷன் அவளை விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டதோடு சரி.

பஸ் ஸ்டாப்பில் முதல் முறை பார்த்தபோது வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மறுநாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது கனிமொழி சாலையைத் தாண்டி வந்தாள்.

"மூஞ்ச திருப்பிக்காதக்கா. பேச வேணாம். பாத்தா மட்டும் பாத்துக்கோ, போதும்," என்றாள்.

அதிலிருந்து அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் கனிமொழி வரமாட்டாள். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதாக மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஆறு முடிந்தும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அங்கிருந்து கொண்டுவரும் பழத்தைப் புதன்கிழமை காம்பவுண்டு சுவர் முடிகிற மூலையில் வைத்துவிட்டுப் போவாள். வசந்தா அதை எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைப்பாள். தசரதனுக்குத் தெரியும். எதுவும் கேட்கமாட்டான்.

ஆனி மாதம் ஒரு நாள், இரண்டாவது மாடி ராதிகா வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சாலையைக் கடக்க அதே ஸ்டாப்பில் நின்றாள். ஒருவன் பைக்கை அவள் காலருகே கொண்டுவந்து நிறுத்தி, "வர்றியா?" என்று கேட்டான். அவள் ஓட்டமாகச் சாலையைக் கடந்து கேட்டுக்குள் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்போர் சங்கக் கூட்டம் போட்டார்கள்.

வசந்தா நாற்காலிகளைப் போட்டுவிட்டுத் தூணோரம் நின்றாள். ராதிகா நடந்ததைச் சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராதிகா பொய் சொல்லவில்லை. ஸ்டாப்பை இடம் மாற்றச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். நாம் எல்லோரும் போய் விரட்டலாம் என்றார் இன்னொருவர். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக், வந்து நிறுத்துகிறவன் வண்டி நம்பரை எழுதி ஒட்டினால் மறுநாளே கூட்டம் குறையும் என்றார். யாரோ சிரித்தார்கள், பேச்சு வேறு பக்கம் போனது. கடைசியில் செயலாளர் சண்முகசுந்தரம் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, அதிர்ந்து பேசாத மனிதர். கோபப்பட்டுப் பயனில்லை, முதலில் தகவல் வேண்டும், எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரிகளிடம் போக வேண்டும் என்று விளக்கினார். பிறகு தூணோரம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஸ்டாப்பைக் கவனித்து எழுத வசந்தாவின் கைக்கு ஒரு புது நோட்டு வந்தது.

தெருவிளக்கு கேட்டு மனு கொடுக்கத்தான் இதெல்லாம் என்று அவர் சொன்னார். வசந்தா அதை நம்பினாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள் என்பது பின்னால் அவளுக்கே தோன்றியது. கனிமொழியை விட்டுவிட்டு எழுதலாமா என்று முதல் நாள் யோசித்தாள். ஆனால் செயலாளரின் கார் தினமும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் வருகிறது. நாலு பேர் நிற்க மூன்று என்று எழுதினால் அவர் கண்ணில் படாதா? அதோடு, ஒரு நோட்டில் இல்லாததை எழுதியோ இருப்பதை விட்டோ அவளுக்குப் பழக்கமில்லை.

எப்படி எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே விதம். கேட் நோட்டில் எழுதுவது போலவே ஆளுக்கு ஒரு வரி, வந்த நேரம், போன நேரம் என்று கட்டம் போட்டாள். பெயர் எழுதவேண்டிய இடத்தில் அடையாளம். 'குள்ளமானவர்.' 'சிவப்புப் பை.' 'நீலக் கிளிப்.' நீலக் கிளிப் என்றால் கனிமொழி. நீலக் கிளிப், வரவு 5.40, போனது 6.25. மறுபடி வரவு 7.05. செவ்வாய்க்கிழமைக்கு நேராகக் கை தானாக எழுதியது: 'லீவு'.

ஆண்களுக்கு அவள் கட்டம் போடவில்லை. யாரும் போடச் சொல்லவில்லை. இந்தக் குடியிருப்பிலிருந்தே ஒரு வண்டி சாலையைக் கடந்து அங்கே போய் நின்றதை இரண்டு முறை பார்த்தாள். அந்த வண்டி வீடு திரும்பிச் சரிவில் இறங்கியபோது அறையில் பாத்திரம் நடுங்கியது. பவ்யாவுக்குப் பழைய கைடு புத்தகங்கள் கொடுத்த வீட்டு வண்டி அது.

மூன்று வாரம் கழித்துச் சண்முகசுந்தரம் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, கலர் கலராகக் கட்டங்கள் அச்சடித்த காகிதத்தோடு கேட்டுக்கு வந்தார்.

"வசந்தாம்மா, எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு சுத்தமா டேட்டா வராது. போலீஸ் ஸ்டேஷன்ல மேடமே ஆச்சரியப்பட்டாங்க. வியாழக்கிழமை ஆறு மணிதான் சரியான நேரம்னு முடிவு பண்ணியிருக்காங்க. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளிய போகக் கூடாது, என்ன?"

விளக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஸ்டாப் காலியாக இருந்தால் யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்குக் கட்டம் போட்ட காகிதம் தேவைப்படாது. அதை மட்டும் அவள் உடனே புரிந்துகொண்டாள்.

அன்று சாப்பிடும்போது தசரதனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான்.

"கனிமொழி பவ்யாவ வச்சிகினு இருந்த நாளெல்லாம் நான் மறக்கலம்மே," என்றான். "ஆனா இந்த ரூம் போச்சுன்னா பவ்யா எங்க குந்திகினு படிக்கும்? நொண்டி வாட்ச்மேன எவன் வச்சிக்குவான்? நீ ஒண்ணும் சொல்லாத. பாத்துகினு இரு, அது போதும்."

புதன்கிழமை மாலை கனிமொழி பழத்தைச் சுவர் மேல் வைத்த நேரத்தில் வசந்தா அங்கே நின்றிருந்தாள். பத்தடி தூரத்தில் தசரதன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பவ்யாவுக்குப் பரிச்சை வருதாமே. வாசப்படியாண்ட வச்சிடுக்கா," என்றாள் கனிமொழி.

வசந்தா சொல்ல வாயெடுத்தாள். நாளைக்கு வராதே. இரண்டே வார்த்தை. நாற்காலி கிறீச்சிட்டது. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாளைக்கும் கோயிலுக்குப் போயேன், கனி."

கனிமொழி சிரித்துவிட்டாள். "தெனிக்கும் போனா அம்மனுக்கே சலிச்சிப் பூடும்க்கா. மத்த ஜனங்கள எப்ப பாக்கும் அது?" என்று சொல்லி, கிளிப்பைச் சரிசெய்துகொண்டு சாலையைத் தாண்டிப் போனாள். வசந்தா பழத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

வியாழன் ஐந்து நாற்பதுக்கு நீலக் கிளிப் வந்தது. நோட்டில் எழுதியிருந்ததற்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. ஆறு மணிக்குப் போலீஸ் வேன் வந்து நின்றது. ஸ்டாப்பில் இருந்த ஆறு பெண்களையும் சுற்றி வளைத்தார்கள். அதில் இரண்டு பேர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டி அழுதார்கள். யார் யார் என்று தெளிவாகச் சொல்ல ஆள் வேண்டும் என்று பெண் சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். சண்முகசுந்தரம் சாலையைத் தாண்டி வந்து வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாக அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரையும் கை நீட்டிக் காட்டி, இவர்கள் இல்லை என்றாள். அவர்களை விட்டார்கள். அப்படிச் சொன்னபோதே மற்ற நாலு பேரையும் காட்டிக்கொடுத்தாகிவிட்டது என்பது, சொன்ன பிறகுதான் உறைத்தது.

சப் இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்தார். "நீலக் கிளிப். வரவு அஞ்சு நாப்பது. செவ்வாய் லீவு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கனிமொழி தலையை நீட்டி நோட்டைப் பார்த்தாள். பாடியில் பேக்கிங் கணக்குச் சீட்டில் அந்த எழுத்தை அவள் நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள். அவள் கண் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்தாள்.

"இந்தம்மாவ உனக்குத் தெரியுமா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாது மேடம்," என்றாள் கனிமொழி. "அந்த கேட்டாண்ட நின்னுகினு பாத்துகினே இருப்பாங்க. அவ்ளோதான்."

வசந்தாவும் தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

அன்று மாலை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்களாக வந்து விழுந்ததென்று யார் வீட்டிலோ கேட்டுவந்து பவ்யா சொன்னாள். அம்மா பெயரும் அதில் இருந்ததாம். அவளுக்குப் பெருமை. வசந்தா அரிசி டப்பாவைத் திறக்காமல், கடையில் அரைக்கிலோ வாங்கி உலை வைத்தாள்.

மூன்று வாரம் ஸ்டாப் காலியாக இருந்தது. பிறகு ஒரு மாலை, ஸ்டாப்புக்கு அப்பால், டிரான்ஸ்பார்மர் நிழலில் ஒரு உருவம் நின்றது. இளைத்திருந்தது. கிளிப் இல்லை, முடியை வாரிச் சுருட்டிக் கட்டியிருந்தது. ஆனால் நிற்கும் விதம் தெரியாதா? ஒரு காலில் பாரம் போட்டு நிற்பாள், பேக்கிங் மேஜையிலும் அப்படித்தான். வசந்தா பேனாவை எடுத்தாள். நோட்டு அவளிடமே திரும்பி வந்திருந்தது. புதிதாக யார் வந்தாலும் எழுதச் சொல்லியிருந்தார்கள். 'யாரும் இல்லை' என்று எழுதினாள். நோட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது.

மூன்றாவது நாள் சண்முகசுந்தரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒருத்தி நிற்கிறாளே, நோட்டில் இல்லையே என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கண்ணு சரியாத் தெரியல சார்," என்றாள் வசந்தா. "கொஞ்ச நாளாவே தூரத்துல மங்கலா கீது."

அவர் முகம் உடனே இளகியது. முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு சங்க அறையில் கண் பரிசோதனை முகாம் வைக்க ஏற்பாடாகியிருந்தது. முதல் ஆளாக அவளை உட்கார வைத்தார்.

சுவரில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போயின. கடைசி வரி வரை அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது வரியில் நிறுத்திக்கொண்டாள். கண்ணில் மாட்டிய இரும்புச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது நன்றாக இருக்கிறதா, முன்னாடி போட்டதா என்று பரிசோதிக்க வந்த பெண் கேட்டாள். எந்த வில்லையில் எழுத்தெல்லாம் கரைந்து போனதோ, அதைக் காட்டி, "இதுதான்," என்றாள் வசந்தா. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள், திரும்பவும் கேட்டாள். வசந்தா திரும்பவும் அதையே சொன்னாள்.

ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. சங்கத்தின் அன்பளிப்பு. தீபாவளி கழித்து கேட்டில் கேமரா பொருத்தப் போவதாகவும், படம் தெரிகிற டிவியை அவர்கள் அறையிலேயே வைக்கப் போவதாகவும் அப்போதுதான் சண்முகசுந்தரம் சொன்னார். இவளை விட நன்றாகப் பார்க்கிறவர் யார் இருக்கிறார்கள் என்றார்.

இப்போது தினமும் ஐந்தரைக்கு அவள் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். ஸ்டாப், டிரான்ஸ்பார்மர், சாலை எல்லாம் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிடுகின்றன. 'யாரும் தெரியவில்லை' என்று எழுதுகிறாள். அது பொய் இல்லை. ஏழு மணிக்குள் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது. கழற்ற முடியாது, செயலாளர் கார் எந்த நேரமும் வரலாம்.

ஒரு புதன்கிழமை, அந்தக் கலங்கலுக்குள் யாரோ சாலை ஓரத்துக்கு வந்து நின்றார்கள். கை உயர்ந்தது போல இருந்தது. பஸ்ஸை நிறுத்தும் கையா, இவளைப் பார்த்து ஆட்டும் கையா, தலைமுடியை ஒதுக்கும் கையா என்று தெரியவில்லை. வசந்தாவின் விரல்கள் கண்ணாடியின் காம்பு வரை போயின. அதற்குள் ஹாரன் கேட்டது. அவள் கேட்டைத் திறந்தாள். கார் நின்று, கண்ணாடி இறங்கியது.

"என்ன வசந்தாம்மா, இப்ப நல்லாத் தெரியுதா?"

"தெரியுது சார்," என்றாள்.