தரம் மூன்றின் மழைக் கட்டுரை

நான் பிறந்து வளர்ந்தது எஹலியகொட கடைத்தெருவில், அப்பாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில். பெருமழை பெய்தால் கடைவாசல் வரை தண்ணீர் நிற்கும். பழைய கலண்டர் தாளைக் கிழித்துக் கப்பல் செய்து விடுவோம். ஆகவே மழை என்றால் பிள்ளைகளுக்குக் காகிதக் கப்பல்தான் என்பது என் முடிந்த முடிபு. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ரப்பர் தோட்டத்து மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்காது, கப்பலை விட்ட கையோடு அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு வருடம் வேலை பார்த்தும் இது என் மண்டையில் ஏறவில்லை.

மழை தொடங்கிய வாரம் தரம் மூன்றுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். ‘மழைக்காலத்தில் நான் விரும்பிச் செய்வது.’ ஐந்து வசனம் போதும் என்றேன். மறுவாரம் கல்விக் கந்தோரிலிருந்து பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நல்லதாக ஏழெட்டுத் தாளைச் சுவரில் ஒட்டியாக வேண்டும். என் அவசரம் எனக்கு.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதினார்கள். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். வாயால் பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பாள். பென்சிலைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டாள். அன்று அவள் எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்.

“மழ பேஞ்சா ரப்பர் மரத்துல பால் வெட்டு இல்ல. அம்மா வேலைக்கு போக மாட்டாங்க. நானும் அம்மாவும் பின் செவத்து வெடிப்புல மண்ணு அடைப்போம். போன மழைக்கு வெரலு மட்டுந்தான் நொழையும். இப்ப கையே நொழையுது. அம்மா சிரிப்பாங்க. எனக்கு ரொம்ப புடிக்கும்.”

நான் எழுத்துப் பிழைகளை எண்ணினேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

“இதெல்லாம் ஒரு விளையாட்டா? வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“நெசமாவே செய்வோங்க டீச்சர்.”

“கப்பல் விடுறதப் பத்தி எழுதும்மா.”

“நான் விட்டதில்லங்க டீச்சர்.”

“விட்ட மாதிரி எழுது. அதான் கட்டுரை.”

கரும்பலகையில் ஐந்து வசனம் எழுதிக் கொடுத்தேன். அழகாகப் பார்த்து எழுதினாள். ஒரு நட்சத்திரமும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் முதலில் எழுதிய தாளில் நான் பார்த்தது அழுக்குச் சுவரையும் கொச்சைத் தமிழையும் மட்டும்தான். கை நுழைகிற வெடிப்பு என்றால் என்ன அர்த்தம் என்று தெரிய எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. மனுஷியாக இருந்தால் போதும்.

அடுத்த மாதம் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் இடைவேளை நேரம் பெரிய சத்தம் கேட்டது. லொறியில் கல் கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்து வரிசைக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து மூன்று வீட்டுக் காம்பராக்களை மூடியிருந்தது. இரண்டில் ஆள் இல்லை. மூன்றாவதில் அவள் அம்மா இருந்தாள். மழையாதலால் பால் வெட்டு இல்லை, அதனால் வீட்டில் இருந்தாள். பிள்ளை அப்போது என் வகுப்பில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பின்னேரம்தான் அம்மாவை வெளியே எடுத்தார்கள்.

கொழும்பில் கட்டட வேலை செய்த அவள் அப்பா வந்து சேர்ந்தார். சாவு வீட்டில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன், வெடிப்பு இருந்தது தெரியுமா என்று.

“தெரியாமங்களா டீச்சர்? தோட்டத்துக் கந்தோருல ரெண்டு தடவ எழுதிக் குடுத்தோம். பாக்கிறோம்னாங்க. வேற எங்கங்க போறது?”

அப்படியானால் நான் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பலிக்கவில்லை. நடந்திருக்குமோ நடந்திருக்காதோ, நான் சொல்லவில்லை. கட்டுரையைப் பற்றி அவரிடமும் வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். வெயில் வந்தபோது மறுபடியும் கட்டுரை கொடுத்தேன், வெயில்காலத்தில் பிடித்தது பற்றி. இந்தத் தடவை கரும்பலகையில் தலைப்பைக்கூட எழுதவில்லை. உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள், நடந்ததை எழுதுங்கள், நான் பிழை பார்க்க மாட்டேன் என்றேன். மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் போய்க் குந்தினேன். “உனக்குப் பிடிச்சத எழுதும்மா. எதுன்னாலும் சரி.”

அவள் என்னைப் பார்க்கவில்லை.

“நீங்க போர்டுல எழுதுங்க டீச்சர்,” என்றாள். “நான் பாத்து எழுதுறேன்.”