பூங்காவில் நின்ற பயிர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு கம்பெனி மனை பிரித்து விற்ற நகரில் நாங்கள் குடியேறியது சித்திரை மாதம். வரைபடத்தின் நடுவே பச்சை வண்ணத்தில் பூங்கா இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமை எங்கள் எல்லோருடைய கிரயப் பத்திரத்திலும் எழுதியிருந்தது. ஆனால் அங்கே ஒரு பெஞ்சுகூட வரவில்லை. மறு வருடம் ஆவணியில் அந்த இடத்தையும் மனைகளாக விற்கக் கம்பெனி அளக்கத் தொடங்கியது. நாங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் மனு கொடுத்தோம்.

மனுவை எழுதியவர் என் பக்கத்து வீட்டுக்காரர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே மனிதர்தான் புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று அந்தக் காலி இடத்தில் நாற்று நட்டார். மழைத் தண்ணீர் கட்டி நின்றது. நஞ்சை சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நாங்களும் தடுக்கவில்லை. மாலையில் நடக்கப் போகும்போது பூச்சி விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தோம், ஆளுக்கொரு மருந்து சொன்னோம்.

மார்கழியில், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், செவ்வாய்க்கிழமை அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பூங்காவைக் கேட்டு மனு கொடுத்துவிட்டு வயலைக் காட்டப் போகிறோம். திங்கள் மாலை கூடிப் பேசினோம். உடனே அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். பால் கதிரில் அரிவாள் வைக்க யாருக்கும் கை வரவில்லை.

"மனு எழுதுனதும் நீங்க, அதுக்கு வேட்டு வச்சதும் நீங்களேதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மறுநாள் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் கம்பெனி மேலாளர் முந்திக்கொண்டார்.

"பாருங்க சார், கம்பெனி பயிர். நாங்கதான் நட்டோம். பூங்கான்னு இங்க ஒண்ணு எப்பவுமே இருந்ததில்ல."

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, யார் நட்டது என்று கேட்டார். பேசாமலிருந்தால் மேலாளர் சொன்னது நிலைத்துவிடும். உண்மையைச் சொன்னால், பொது இடத்தை வளைத்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் மீது பதிவாகும். பணியில் இருந்தபோது எத்தனையோ பேரை அப்படிக் காலி செய்ய வைத்தவர் அவர்.

"நான்தாங்க நட்டேன்" என்றார் அவர்.

"யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க. பூங்காவுக்குன்னு விட்ட எடம். தெரிஞ்சேதான் நட்டேன்."

"அப்ப பூங்கா இடத்துல ஆக்கிரமிப்புன்னுதான் சார் எழுதணும். உங்க பேருக்கு நோட்டீஸ் வரும்."

"எழுதுங்க. பூங்காங்கறத விட்டுடாம எழுதுங்க."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கியிருந்தார்.

அடுத்த வியாழனே நோட்டீஸ் வந்தது. அதைக் காட்டித்தான் பிறகு மாசியில், கம்பெனி அந்த இடத்தை விற்கத் தடை வாங்கினோம். ஆனால் பயிரை உடனே அகற்ற வேண்டியிருந்தது. நெல் முற்றும்வரை அவகாசம் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னோம். கேட்டால் அது வயலென்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்துவிட்டார். சனிக்கிழமை காலை, கூலிக்கு வந்த ஆட்கள் வரப்பிலேயே தயங்கி நின்றார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முதல் பிடியை அறுத்தார்.