பேசாத பிள்ளைக்குக் கட்டம் இல்லை

ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு தேடிக் கொடுக்கும் உத்தியோகத்தில் பிள்ளைகள் நம்மைப் படுத்துவதில்லை. பெரியவர்களும் படிவங்களும்தான் படுத்தி எடுப்பார்கள். சமூகநலத் துறையில் என்னைப் போலக் குப்பை கொட்டியவர்களே, எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

யார் அந்த மேரி?

நான் கும்பகோணத்துக்காரன். வேலையில் சேர்ந்த வாரமே கலாவின் கோப்பு என் மேசைக்கு வந்தது. காரைக்கால்மேட்டுப் பெண், பதினோரு வயது. அப்பா முன்பே இல்லை. ஒரு புயலில் வீட்டுச் சுவர் விழுந்து, கண்ணெதிரே அம்மாவும் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அதே ஊரில் மீன் விற்கும் பாக்கியத்தம்மா அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்துவந்தார்.

மனநல டாக்டரிடம் காட்டுவதற்குப் பிறப்புச் சான்று வேண்டியிருந்தது. "அத மேரிதான் குடுக்கும் சார்" என்றார் எங்கள் கிளார்க். நானும் மாதா கோவில் தெருவில் வீடு வீடாக மேரியைத் தேடினேன். மூன்று மேரிகள் கிடைத்தார்கள். ஒருவரிடமும் சான்று இல்லை. மூன்றாவது மேரி, பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவரின் மனைவி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க தேடுறது பொம்பளை இல்ல தம்பி, முனிசிபாலிட்டி ஆபீசு. வெள்ளக்காரன் வச்ச பேரு."

இரண்டே கட்டம்

சான்று கிடைத்தது. அடுத்தது படிவம். குறைபாடு என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: ஒன்று 'ஊமை', மற்றது 'மனநோய்'. பேச வாய் இருந்தும் அதிர்ச்சியில் பேசாமல் போன பிள்ளைக்குக் கட்டமே இல்லை. முதல் கட்டத்தில் குறியிட்டால் வெளியூர் விடுதி. இரண்டாவதில் குறியிட்டால் ஆஸ்பத்திரி வார்டு. எதில் குறியிட்டாலும் கலா பாக்கியத்தம்மாவை விட்டுப் போகவேண்டியதுதான்.

பேச்சு வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை இங்கேயே இருக்கலாம் என்று கிளார்க் வழி சொன்னார். சொன்ன கையோடு கெடுவும் வைத்தார்: "பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள கடுதாசி வரலைன்னா, ஊமைன்னு டிக் போட்டு அனுப்பிடுவேன் சார்."

பலகை

நாகப்பட்டினம் கூப்பிடு தூரம். ஆனால் அது தமிழ்நாடு, காரைக்காலோ பாண்டிச்சேரியைச் சேர்ந்தது; ஆக, வேறு மாநிலம். எங்கள் டாக்டர் பாண்டிச்சேரியில் இருந்தார். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறு மாநிலத்தின் வழியாகவே நாலு மணி நேரம் போய் எங்கள் மாநிலத்தைப் பிடிக்கவேண்டும். இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் கலா வழியெல்லாம் வாந்தியெடுத்து, டாக்டரின் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் கெஞ்சிய கெஞ்சலில் டாக்டரே மாதம் ஒரு சனிக்கிழமை காரைக்காலுக்கு வரச் சம்மதித்தார்.

'மனநல மருத்துவர்' என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி எங்கள் ஆபீஸ் வாசலில் மாட்டினேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. பாக்கியத்தம்மாகூடக் கலாவைப் பிடித்துக்கொண்டு எதிர்வாடையில் நின்றார். நான் போய்க் கூப்பிட்டதும் பொரிந்து தள்ளினார்: "மொதல்ல அந்தப் பலகைய கழட்டுங்க சார். நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காச்சி நடக்க வேணாமா?"

பட்டம்

பலகையைக் கழற்றியதும் உள்ளே வந்தார்கள். டாக்டர் கலாவிடம் பேர் கேட்டார், பாக்கியத்தம்மா சொன்னார். என்ன பிடிக்கும் என்று கேட்டார்; நான் சொன்னேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "இனிமே நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது" என்றார். பிறகு கலாவிடம் தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார். அந்த மாதமும் அடுத்த மாதமும் அவள் வெறும் கோடுகள்தான் போட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க ஐந்தே நாள். கலா அகலமாக ஏதோ வரைந்து, நீளமாக ஒரு வால் வைத்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "அட, பட்டம்! வாலெல்லாம் ஜோரா இருக்கே" என்றார். கலா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு, "பட்டம் இல்ல. திருக்கை மீனு" என்றாள். பாக்கியத்தம்மா அப்போதும் டாக்டர் சொல்லை மீறவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

டாக்டர் அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். கலா காரைக்கால்மேட்டிலேயே இருந்தாள். காற்று பலமாக அடித்தால் நடுங்குவது நிற்கவும், அம்மாவைப் பற்றிப் பேசவும் மேலும் ஒரு வருஷம் பிடித்தது. அத்தனை சனிக்கிழமையும் டாக்டர் வந்தார். பட்டம் என்று சொல்லிப் பேசவைத்த தந்திரத்தை ஒருநாள் வாயாரப் புகழ்ந்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். "தந்திரமா? நான் நெஜமாவே பட்டம்னுதான் சார் நெனச்சேன்!"

ஆக, ஒரு பிள்ளை வாய் திறப்பதற்கு ஒரு பலகை இறங்கவும், இரண்டு பெரியவர்கள் வாயை மூடவும், ஒரு டாக்டருக்கு மீன் தெரியாமல் இருக்கவும் வேண்டியிருந்தது.