பப்பாசிக்குப் புகை காட்டாத வெள்ளிக்கிழமைகள்

குளவி என்றால் எனக்குப் பயம். எழுதிவைக்க வெட்கம்தான். ஆனாலும் அண்ணியின் வளவுக்குள் நான் ஹெல்மெட்டோடு நின்றதைக் கட்டைபறிச்சான் ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். இனி மறைத்து என்ன.

அண்ணன் மாரடைப்பில் போவதற்குக் கொஞ்சம் முன்னர் நட்ட பப்பாசி மரங்கள் அவை. காய்க்கத் தொடங்கிய நேரம் பார்த்து மாப்பூச்சி பிடித்தது. இலையடி, காம்பு, காய் எல்லாம் கோதுமை மாவை அப்பிவிட்டது போல வெள்ளை. இது இந்த மண்ணின் பூச்சியல்ல. எங்கிருந்தோ வந்தது, இங்கே அதைத் தின்ன ஆளில்லை. பக்கத்து வளவுக்காரர் தன் மரங்களை வெட்டி எரித்துவிட்டு, அண்ணிக்கும் அதையே சொன்னார். அண்ணி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

கடைசியில் விவசாயப் போதனாசிரியை ஒரு போத்தலோடு வந்தார். இளம் பிள்ளை. உள்ளே குளவி என்றார். நான் ஹெல்மெட்டை மாட்டினேன்.

"பயப்படாதேங்கோ அங்கிள், இது கொத்தாது. கண்ணுக்கே வடிவாத் தெரியாது."

குளவியை விட அந்த 'அங்கிள்' நன்றாகவே கொத்தியது.

"அப்ப என்னதான் செய்யும் மிஸ்?"

"மாப்பூச்சியின்ர உடம்புக்குள்ள முட்டை போடும். குஞ்சு உள்ளுக்க இருந்தே தின்னும். பூச்சி வெறுங்கோதாப் போக, ஓட்டை போட்டு வெளியில வரும்."

"பூச்சி உயிரோட இருக்கேக்கையோ?"

"ஓம்."

எனக்குப் பிடரியில் ஏதோ ஊர்ந்தது.

மருந்தடிக்கக் கூடாது, சவர்க்காரத் தண்ணீர் கூடாது, மரத்தடியில் புகையும் கூடாது என்று சொல்லி, போத்தலைத் திறந்துவிட்டுப் போனார்.

புகை என்றதும் அண்ணியின் முகம் மாறிவிட்டது. அண்ணன் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் சாம்பிராணித் தட்டோடு வீடு முழுக்கச் சுற்றுவார். மற்றவர்களுக்கு அது வாசலோடு முடியும். அண்ணி ஒவ்வொரு பப்பாசியடியிலும் போய் நிற்பார்.

"அது ஏலாது தம்பி. புகை வராட்டி, நான் வீட்டில இல்லையெண்டு நினைச்சிடுவார்."

ஆர் என்று நான் கேட்கவில்லை. செத்தவீட்டிலும் வாய் சும்மா இருக்காத ஆள் நான். "அண்ணனுக்கு மூக்கடைப்பு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோவன்" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "பீனிசம் இருந்ததுதான்" என்றார்.

அப்படித்தான் புகை நின்றது. அந்தப் பின்னேரங்களில் அவர் தனியே இருக்கக் கூடாதென்று நான் திருகோணமலையிலிருந்து போய்வந்தேன். முற்றத்தில் மூன்று கதிரை போடுவார். நாங்கள் இரண்டு பேர். விரிகுடாவுக்கு அப்பால் துறைமுக வெளிச்சம் ஒவ்வொன்றாக எரியும். மூன்றாவது கதிரையைப் பார்க்காமல் இருக்க, நான் பிடரியைத் தடவிக்கொண்டிருப்பேன்.

பிடரியில் உண்மையாகவே ஒரு தடிப்பு வந்திருந்தது. உள்ளே குஞ்சு இருக்குமோ என்று டொக்டரிடமே கேட்டேன். "வேர்க்குரு" என்றார் அவர். "தேவையில்லாத நேரத்தில ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ."

பிறகொரு வெள்ளியன்று பார்த்தால் இலையடியில் புதிதாக ஏதோ: மண்ணிறத்தில், ஊதிப்போய், அசையாமல். புது நோய், மரம் போச்சு என்று நான் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணி குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"கழுவிப் போடாதேங்கோ. கோது எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லோ."

ஒன்றை நகத்தில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். முதுகில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓர் ஓட்டை. ஊதினார், பறந்துவிட்டது.

"உள்ளுக்க இருந்தது வெளிக்கிட்டுட்டுது," என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். உச்சிக் குருத்தில் மாவில்லை. பச்சையாக விரிந்திருந்தது. இனி வெட்டத் தேவையில்லை என்றேன். அண்ணி மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் சாம்பிராணி மணந்தது.

"மணக்குதோ தம்பி?"

"பக்கத்து வளவில போடினம் போல."

"அவை காலமையே மகள் வீட்ட போயிட்டினம்," என்றார் அண்ணி, சாதாரணமாக. பிறகு மூன்றாவது கதிரையைத் தூக்கிவந்து மரத்தடியில் வைத்தார்.

நான் டொக்டர் சொன்னதை மறந்து, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.