சிப்பிக்கார மென்சியும் மூடி போட்ட வாளியும்

"என் சட்டியில வெளிக்கிருந்துட்டு, அந்தச் சட்டியிலயே எனக்குச் சமைச்சுக் குடுன்னு கேக்குறியா நீ?"

மென்சி இதைக் கேட்டது ஒரு வெள்ளைக்காரியிடம். அவள் தன் பாய்மரப் படகின் மேல்தட்டில் நின்றிருந்தாள். கையில் பீங்கான் தட்டு, தட்டில் அப்போதுதான் கண்டல் வேரிலிருந்து வெட்டிய சிப்பிகள். அவள் புருஷன் அரைக்கால் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். மென்சி கீழே தன் துடுப்புப் படகில் நின்றாள். நானும் அதே படகில்தான் இருந்தேன். அவர்கள் படுக்கைத் துணியைத் துவைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

சண்டை அப்புறம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். முதலில் மென்சி யார் என்று தெரிய வேண்டும்.

முழுப்பெயர் க்ளெமன்சியா. கிரெனடாவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கரியாக்கு தீவில் எனக்கு அடுத்த வீடு. தொழில் சிப்பி. குடாவின் ஓரத்தில் கண்டல் காடு இருக்கிறது. மரங்கள் தண்ணீருக்குள் இறக்கிவிட்டிருக்கும் வேர்களில் சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மென்சி படகை உள்ளே தள்ளிக்கொண்டு போய் வெட்டுக்கத்தியால் கொத்தி எடுப்பாள். குடாவில் நங்கூரம் போட்டிருக்கும் பாய்மரப் படகுகளுக்குக் கொண்டுபோய், ஓட்டைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ச் சாறு ஒரு சொட்டு விட்டுக் கொடுப்பாள். பச்சையாகவே முழுங்குவார்கள். ஜலதோஷக்காரன் சிந்திப் போட்டது மாதிரி இருக்கும். என்னால் பார்க்கவே முடியாது.

அவள் புருஷன் ஆல்பன், கல்யாணமான மறுவருஷம் பஸ் ஓட்டப் போகிறேன் என்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினான். அங்கேயிருந்து வந்தது ஒரு கம்பளிக் கோட்டு மட்டும்தான். அப்புறம் அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று செய்தி வந்தது. எனக்குப் புருஷன் செத்து விதவைக் கோலம். அவளுக்குப் புருஷன் இருந்தே விதவைக் கோலம். எது தேவலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. "உன் ஆளு எங்க படுத்திருக்கான்னாவது உனக்குத் தெரியும்டி" என்பாள். அந்தக் கோட்டை எங்கள் வெயிலில் எவள் போடுவாள்? கடல் தண்ணீரில் நனைத்து, வெட்டிய சிப்பி வாடாமல் இருக்க மேலே போர்த்தி வைப்பாள். ஆல்பனால் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மென்சி தங்கமானவள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். சண்டைக்காரி. சேற்று வாடை அவளை விட்டுப் போகாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஜெபம் செய்ய வேண்டும். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவளைப் போல் சுத்தம் பார்க்கிறவளை நான் கண்டதில்லை. யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டாள். என் வீட்டுக்கு வந்தாலும் சொந்தக் கோப்பையைக் கொண்டுவருவாள். "உன் வீட்டுப் பூனை எதை எதையெல்லாம் நக்குதுன்னு நான் பாத்திருக்கேன்டி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள்.

தொழிலிலும் அப்படித்தான். எந்தப் படகுக்குப் போனாலும் முதல் சிப்பியை வாங்குகிறவர்கள் கண்ணெதிரே தான் தின்பாள். அப்புறம்தான் அவர்களுக்கு. "என் கையால தின்னு எவன் வயிறும் கலங்கினதில்ல." அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான். அது போனால் அவள் பிழைப்பும் போகும். பாய்மரக்காரர்கள் காலையில் வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு படகுக்குப் படகு ஊர்வம்பு பேசுகிறவர்கள். எங்கள் குடாவில் ஒருத்தனுக்கு வயிற்றால் போனால் கிரெனடாவில் நிற்கிற படகுக்காரன் காபி குடித்து முடிப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் புயல் காலம் முடியப்போகிற நேரத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கண்டல் காட்டுக்குள் ஓடும். உள்ளே காற்று அடிக்காது. வேருக்கு வேர் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். யார் வேண்டுமானாலும் வரலாம், எவனும் எவனையும் கேட்க வேண்டியதில்லை. புயலுக்குக் கயிறு கட்டினவனை, அவனாக அவிழ்க்கிற வரைக்கும், போ என்று சொல்லக்கூடாது. இது எங்கள் ஊர்க்கட்டு. மென்சியின் தகப்பனை ஒரு புயலில் வேறொரு தீவுக்காரர்கள் இடமில்லை என்று விரட்டினார்கள். அவர் படகின் பலகைகூடக் கரை சேரவில்லை. அதனால் அவள் வீட்டில் இந்தக் கட்டு வேதவாக்கு.

இன்னொன்றும் உண்டு. உள்ளே இருக்கிற வரைக்கும் கழிவு தண்ணீரில் விழக்கூடாது. எங்கள் ஆட்கள் படகுக்கு ஒரு மூடி போட்ட வாளி வைத்திருப்பார்கள். கரைக்குக் கொண்டுவந்து மணலில் புதைப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தின்கிற இடத்தில் பேளக்கூடாது என்று சொல்லியா தர வேண்டும்?

இவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பெயர் பிலிப்பா, அவன் பெயர் அலிஸ்டர். வீட்டை விற்றுப் படகு வாங்கி, மார்ட்டினிக்கில் ஏறி, தீவு தீவாகத் தெற்கே இறங்கி டிரினிடாட் வரை உல்லாசப் பயணம். விவரமான பாய்மரக்காரர்கள் புயல் காலத்துக்கு முன்பே தெற்கே போய்விடுவார்கள். இவர்கள் கூட்டம் இருக்காது என்று இந்த நேரமாகப் பார்த்து வந்தவர்கள். அவர்களும் உள்ளே வந்து கட்டினார்கள். புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. மற்ற படகெல்லாம் மறுநாளே வெளியேறின. இவர்கள் போகவில்லை. தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருக்கிறதாம், நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

காலையில் கண்டல் காட்டுப் பக்கம் போனால் கர்க் கர்க் என்று கைப் பம்பு சத்தம் கேட்கும். படகுக் கக்கூஸைத் தண்ணீரில் தள்ளுகிற சத்தம் அது என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் வேர்களில் காகிதம் தொங்க ஆரம்பித்தது. மென்சி ஒரு காகிதத்தைக் குச்சியில் எடுத்து வந்து என் வாசலில் காட்டினாள். நான் அப்போது சோளமாவு கிண்டிக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிடவில்லை.

"போய்த் தொலைங்கன்னு சொல்லேன்டி" என்றேன்.

"எப்படிச் சொல்றது? புயலுக்குக் கட்டின கயிறு."

"புயல் போயி எத்தன நாளாச்சு."

"கயிறு இன்னும் கட்டியிருக்குல்ல?"

போ என்று சொல்லக்கூடாது, சரி. பேளாதே என்று சொல்லலாமே. போய்ச் சொன்னாள். அலிஸ்டர் சிரித்தானாம். "கடல் பெரிசும்மா. மீனும் அதைத்தானே செய்யுது" என்றானாம்.

"மீன் மேல வந்து தட்டைக் கழுவிக்கிட்டுச் சிப்பி கேக்கல" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அவனுக்கு அது விளங்கவில்லை.

பிலிப்பா என்னிடம் துணி போட வந்தபோது, உலகத்தில் கைபடாத இடம் என்று இதுதான் மிச்சம் என்றாள். கை படவில்லைதான். பட்டது வேறு. அவர்கள் படுக்கைத் துணி இருந்த லட்சணத்தைச் சொன்னால் நீங்களும் இன்று சாப்பிடமாட்டீர்கள். சிப்பிக்காரி எங்கே, ஏன் வரவில்லை என்று கேட்டாள். சிப்பி இல்லை என்று மென்சி சொல்லியனுப்பினாள். விலை ஏற்றுகிறாள் என்று நினைத்து இரட்டை விலை தருகிறேன் என்றாள் பிலிப்பா. அப்போதும் இல்லை என்றதும் அவர்களே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். தங்கள் படகு உரசிக்கொண்டிருந்த வேரிலேயே வெட்டினார்கள்.

நாங்கள் துணி மூட்டையோடு போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

மென்சி கேட்ட கேள்வி பிலிப்பாவுக்குப் புரியவில்லை. அலிஸ்டருக்கு வேறு மாதிரி புரிந்தது. "இந்தக் காடு உங்களுக்குச் சொந்தம் இல்லையேம்மா" என்றான். ஒரு சிப்பியை எடுத்து எலுமிச்சை பிழிந்தான்.

நான் மென்சியின் பாவாடையை இழுத்தேன். "தின்னுட்டுப் போகட்டும்டி. அவங்க வீட்டுச் சரக்கு, அவங்க வயித்துக்கே போகட்டும்."

"வயிறு அவனுது. பேரு என்னுதுடி" என்றாள். துடுப்பை ஓங்கி ஒரே போடு. தட்டு, சிப்பி, எலுமிச்சம்பழம் எல்லாம் தண்ணீரில். அலிஸ்டர் போலீஸ் என்று கத்தினான். மென்சி காதில் வாங்காமல் எங்கள் படகைக் கட்டினாள், யாரும் கூப்பிடாமலே மேலே ஏறினாள், படியிறங்கி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கர்க் கர்க் என்று சத்தம் கேட்டது. காலையில் அவர்கள் சோம்பலாக இரண்டு தடவை அமுக்கி விட்டிருப்பார்கள் போல. குழாயில் தங்கியிருந்தது எல்லாம் படகின் இடுப்பிலிருந்து புகை மாதிரி கிளம்பியது. பழுப்பாக மிதந்து நேரே அந்த வேருக்குப் போய், வெட்டின தழும்பைச் சுற்றி நின்றது. குட்டி மீன்கள் கும்பலாக ஓடி வந்தன.

மென்சி மேலே வந்து விரலால் காட்டினாள். "பாரு. அங்கதான வெட்டின?"

பிலிப்பா மெதுவாக, "நான் ஒண்ணு சாப்பிட்டுட்டேன்" என்றாள்.

மென்சியின் முகம் சுண்டிப்போனது. அவ்வளவு நேரம் இருந்த கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. "எப்போ?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

மென்சி தண்ணீரில் உப்புக் கரைத்துக் குடிக்க வைத்து, கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, வாந்தி எடுடி எடுடி என்று முதுகில் தட்டினாள். அந்தப் பெண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். அதற்கும் மீன்கள் ஓடி வந்தன. அலிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதானே" என்று முணுமுணுத்தான். மனைவி வாயைத் துடைத்துக்கொண்டே, "பேசாம இரு, அலிஸ்டர்" என்றாள். அவள் பேசியதில் எனக்குப் பிடித்த ஒரே பேச்சு அதுதான்.

அன்று சாயங்காலம் மென்சி கடைக்குப் போய் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினாள். துடுப்புப் போட்டுப் போய் அவர்கள் மேல்தட்டில் வைத்துவிட்டு, எங்கே புதைக்க வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கடைக்காரரின் வானொலிப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். மென்சி கல்லாப் பலகையைப் பிடித்திருந்த பிடியில் அவள் விரல் வெளுத்துவிட்டது. மழை, காற்று, யாரோ தொலைத்த நங்கூரம் எல்லாம் முடிந்து அலிஸ்டர் குரல் வந்தது. கரியாக்குக் கண்டல் காட்டில் சிப்பி விற்கிற பொம்பளைக்குச் சித்தம் சரியில்லை, துடுப்பால் அடிக்கிறாள், யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்றான்.

மென்சி காத்திருந்தாள். அவன் அடுத்து காய்கறி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"வயித்தைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"இல்ல அத்தை. உங்களுக்குக் கிறுக்குன்னு மட்டும்தான் சொன்னான்."

"சொல்லிக்கட்டும். அது ஊருக்கே தெரிஞ்சதுதான." பலகையை விட்டுவிட்டு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அதற்கப்புறம் தினமும் பிலிப்பா வாளியோடு கரைக்கு வந்தாள். கையை நீட்டி, முகத்தைத் தூக்கி, ராணி கிரீடம் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. குடாவே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. புருஷன் ஒரு நாளும் தூக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கயிற்றை அவர்களாகவே அவிழ்த்துக்கொண்டு டிரினிடாட் பக்கம் போனார்கள்.

மென்சி அந்தக் காட்டு வேர்களில் பெரிய வெள்ளிக்கிழமை வரைக்கும் கத்தி வைக்கவில்லை. அது வரைக்கும் உப்புக்கண்டமும் பட்டாணியும் தின்று காலம் தள்ளினாள். அப்புறம் ஒரு சிப்பியை வெட்டித் தானே தின்று, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்து வயிற்றைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி துடுப்பை எடுத்தாள். இன்றைக்கும் எடுக்கிறாள். கிறுக்கச்சியிடம் சிப்பி வாங்க வேண்டும் என்றே சில படகுகள் வருகின்றன.

அந்த இருவரும் போன அன்று, மென்சியின் படகு கட்டுகிற மரத்தடியில் வாளியைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். மூடியைத் திறந்தேன். கழுவவில்லை. அப்படியே இருந்தது. மென்சி எட்டி நின்று பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள்.

வாளி முப்பத்தெட்டு டாலர். மூடிக்குத் தனியாக ஒன்பது.