வண்டிச் சத்தம் எந்தப் பக்கம்?

இன்று காலை மெக்கானிக் கடையில் எங்கள் பிக்கப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். வெளியே வந்தது பேரிங் மட்டும் இல்லை!

(வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

நானும் அவரும் அடி அண்ணாமலையில் நர்சரி வைத்திருக்கிறோம். மாங்கன்று, கொய்யாக்கன்று எல்லாம் கிடைக்கும். (விளம்பரம் முடிந்தது!)

நாளைக்கு ஜமுனாமரத்தூருக்குக் கன்று ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முழுக்க மலைப்பாதை.

ஆனால் பத்து நாளாக வண்டியில் ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டினால் முன்பக்கம் 'ஊஊம்' என்று முனகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் அடியில் 'டக்' என்று ஒரு தட்டு.

"இடது வீல்தான்" என்றார் சேகர், என் வீட்டுக்காரர்.

"இல்லைங்க, உங்க பக்கம்தான் கேக்குது" என்றேன் நான்.

ஓட்டுகிறவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? போன வாரம் ஒரு கடையில் இடது பேரிங்கை மாற்றினோம்.

முனகல் அப்படியே இருந்தது!

அதனால்தான் இன்று வேங்கிக்காலில் அன்வர் பாய் கடைக்குப் போனோம். அவர் போனட்டைக்கூடத் திறக்கவில்லை.

"மூணு பேரும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நான் ஓட்றேன்" என்றார்.

சேகர் நடுவில், நான் இடது ஜன்னலோரம். பைபாஸ் காலியாக இருந்தது. வேகம் ஏறியதும் முனகல் வந்தது.

பாய் கியரை நியூட்ரலில் போட்டார். இன்ஜின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை.

"இன்ஜின் இல்ல. எந்தப் பக்கம் கேக்குது?"

"இடது" என்றார் சேகர்.

"வலது" என்றேன் நான், அதே நேரத்தில்.

பாய் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடித்தார். சத்தம் ஏறியது. வலப்பக்கம் ஒடித்தார். குறைந்தது.

"இடது பக்கம் ஒடிச்சா பாரமெல்லாம் வலது வீலு மேல விழும்க்கா. அப்பதான் கத்துது பாருங்க."

(எனக்கு உள்ளுக்குள் கைதட்டல்!)

கடைக்கு வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார். இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என்னை ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவது போல விரலில் பொரபொரவென்று தெரிந்தது.

பேரிங்கைக் கழற்றினால், கிரீஸ் கருகிக் கிடந்தது. உள்ளிருந்த உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

"இதோட மல ஏறி இருந்தீங்கன்னா, எறங்கும்போது வீலு இறுகி நின்னுருக்கும்ணா" என்றார் பாய், சேகரைப் பார்த்து.

'டக்' சத்தம் வேறு கதை. பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளத் தண்டில் ஒரு ஜாயின்ட் தேய்ந்து ஆடியது. அதையும் மாற்றச் சொன்னோம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது பாய், சேகருக்கு வலப்பக்கம் வந்து நின்று கேட்டார்.

"ண்ணா, டீ சொல்லட்டா?"

சேகர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, டீ?"

பதில் இல்லை. பாய் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். அதே குரலில், "டீ சொல்லட்டாண்ணா?"

"சொல்லு பாய்!"

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கோச்சுக்காதீங்கண்ணா. ஒரு காது கேக்கலன்னா எந்தச் சத்தமும் கேக்குற காது பக்கமே வர்ற மாதிரிதான் இருக்கும். எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான்."

சேகர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஒரு வருஷம் ஆவுது பாய். வலது காது ரொம்பக் கம்மி."

"வீட்ல சொல்லலையா?"

"சொன்னா வண்டி ஓட்ட வாணாம்னுவா."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்!

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கன்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தோம். அவருக்கு வலப்பக்கம் நான். மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்ததைத் தலை நிமிராமல் சொன்னேன். மார்பில் கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று.

அவர் அடுத்த பையை எடுத்து மண் நிரப்பினார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவை அழைத்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த மனுசனுக்கு நம்மேல் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டீ வந்தது. பாய் வண்டிக்கு அடியில் போய்விட்டார். சேகர் பெஞ்சில் உட்கார்ந்ததும், நான் அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டார். டீ ஆறிப்போனது.

"எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வந்திருப்பேனே" என்றார். குரல் உடைந்துவிட்டது.

மதியம் வண்டி தயாரானது. முனகலும் இல்லை, தட்டும் இல்லை. ஜமுனாமரத்தூர்க்காரருக்கு போன் செய்து, கன்று இரண்டு நாள் தள்ளி வரும் என்று சொல்லிவிட்டோம்.

அன்வர் பாய்க்கு நன்றி. இந்தப் பதிவை அவர் படிக்க மாட்டார். (ஃபேஸ்புக் பார்க்க நேரமில்லாத மெக்கானிக்தான் நல்ல மெக்கானிக்!)

நண்பர்களே, ஒரு உதவி. திருவண்ணாமலையில் காதுக்குப் பொறுமையாகப் பார்க்கும் நல்ல டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்களேன்.

நாளைக் காலையிலேயே டாக்டரிடம் கிளம்புகிறோம். இரண்டு பேரும்.