கதவைச் சாத்துங்க, வெளிச்சம் வருது

ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரை தைப்பதுதான் அவள் தொழில். அதனால் எல்லாருக்கும் அவள் திரைக்காரம்மா. கண்ணை மூடி ஆண்டவனை ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளாமல் மெஷினில் கால் வைக்க மாட்டாள். அதிர்ந்து பேச மாட்டாள். அப்படிப்பட்டவள் வழிபாட்டுக் கூடத்துச் செயலாளரின் முகத்துக்கு நேரே நின்று பேசினாள் என்றால், அதுவும் ஊர் பேர் தெரியாத ஒரு படத்துக்காக என்றால், யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது.

அச்சகத்து மாடியில் சின்னதாக ஒரு படக்கூடம் உண்டு. அதை நடத்துகிறவரை மாடிக்காரர் என்பார்கள். பகலிலும் படம் போட வேண்டும், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இவள் ஏணியில் ஏறி வளையம் மாட்டிக்கொண்டிருந்தபோது, இருட்டு போதுமா என்று பார்க்க அவர் ஏதோ ஒரு படத்தை ஓட விட்டார்.

பனி கொட்டும் ஒரு நாடு. இவள் வயதுப் பெண் ஒருத்தி ஆற்றில் படகு ஓட்டி ஆட்களை அக்கரை சேர்க்கிறாள். அவ்வளவுதான் படம். பாட்டு இல்லை, அடிதடி இல்லை, பின்னால் தபலாச் சத்தம்கூட இல்லை. துடுப்பு தண்ணீரில் விழுகிற ஓசை மட்டும். கரைக்கு வந்ததும் அந்தப் பெண் கையை வாயருகே வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டாள். விரல் கணுக்களில் வெடிப்பு. திரைக்காரம்மா தன் விரல்களைப் பார்த்தாள். ஊசியும் கத்தரிக்கோலும் காய்ப்பேற்றிய விரல்கள். ஏணியிலிருந்து இறங்க மறந்துபோனாள்.

"இது யாரு நடிகைங்க?"

"நடிகை இல்லம்மா. நிஜமாவே படகு ஓட்டறவங்க. அவங்க வேலையப் படமா எடுத்திருக்காங்க."

"வேலை செய்யறதையா? அதையெல்லாமா படம் எடுப்பாங்க?"

"எடுக்கறாங்க. பாக்கத்தான் ஆளில்ல" என்று சிரித்தார் மாடிக்காரர். "சனிக்கிழமை மத்தியானம் வாங்க. கூட்டம் முட்டிக்கிட்டு நிக்காது. கால நீட்டி உக்காரலாம்."

போனாள். அடுத்த வாரமும் போனாள். உப்பளத்துக் குடும்பம், ரயில் தண்டவாளம் துடைக்கிற கிழவர், ஒரு கதவை வரைந்து வரைந்து கிழிக்கிற ஓவியன் என்று எங்கெங்கோ இருந்த மனிதர்கள் அவளுக்குப் பழக்கமானார்கள். சில படம் தலையும் புரியாது, வாலும் புரியாது. தூங்கியும் போயிருக்கிறாள். ஆனாலும் போனாள்.

வீட்டில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? கணவரின் தங்கை, வாய் கொஞ்சம் நீளம், வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"என்ன அண்ணி, இன்னைக்கு என்ன கதை?"

"ஒருத்தர் மலை மேல ஆடு மேய்ச்சாரு."

"சரி, அப்புறம்?"

"கீழ ஓட்டிட்டு வந்துட்டாரு."

"அவ்வளவுதானா? ஆடாவது காணாமப் போச்சா?"

"இல்ல."

"அட, ஒரு ஆட்டையாவது தொலைச்சிருக்கலாம் அந்தாளு! அண்ணே, உன் பொண்டாட்டிய நல்ல டாக்டர்கிட்டக் காட்டு."

கணவர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இவளும் சேர்ந்து சிரிப்பாள். மனதுக்குள் மட்டும், இதை இன்னும் நாலு பேர் பார்த்தால் என்ன என்று ஓடிக்கொண்டிருக்கும்.

நாலு பேர் என்றால் அவளுக்கு வழிபாட்டுக் கூடத்துப் பெண்கள்தான். சனிக்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பின்னறையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறவர்கள். அந்தக் கூடத்தின் முன்திரையை வருஷா வருஷம் தைப்பது இவள். கூலி வாங்க மாட்டாள். கீழ்மடிப்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்து மூடித் தைப்பாள். காற்றடித்தாலும் அசையாமல் நிற்கும். தன் பக்தி முழுவதும் அந்த மடிப்பில் இருக்கிறது என்பது அவள் எண்ணம். அந்த உரிமையில் செயலாளரிடம் கேட்டாள். "நல்ல படம்தானே? சரி, போட்டுப் பாருங்க" என்று அவரும் தலையாட்டினார். மாடிக்காரர் கையடக்கமான ஒரு புரொஜெக்டரை இரவல் கொடுத்தார்.

முதல் படத்தில் ஒரு மலைக்கிராமம். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும், படிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. இவளும் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க" என்று பெண்கள் துளைக்க, இவளே கதை சொல்ல ஆரம்பித்தாள். கறுப்பு உடை உடுத்திய பெண்கள் ஒரு சிறுபெண்ணைக் கட்டிப்பிடித்துக் கதறுகிறார்கள். வாசலில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது.

"பாவம், இந்தப் பொண்ணோட அம்மா தவறிட்டாங்க" என்றாள். "இனிமே அது சித்தி வீட்டுல வளரணும்."

அறை முழுக்க மூக்கு உறிஞ்சல். படம் முடிந்ததும் ஒரு பெரியவள் எழுந்து, "அந்தத் தாயோட ஆத்மா சாந்தியடையட்டும்" என்றாள். எல்லாரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, உருகி வேண்டிக்கொண்டார்கள். கண்காணாத மலையில் போய்ச் சேர்ந்த ஒருத்திக்காக இங்கே கண்ணீர் விட்டு வேண்டுகிறார்களே என்று திரைக்காரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வராதவர்களுக்காக அதே படத்தை அடுத்த வாரமும் போட்டார்கள். அன்றைக்குச் செயலாளரின் மருமகள் வந்திருந்தாள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற டீச்சர். இவள் கதை சொல்லச் சொல்ல அந்தப் பெண் நெளிந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அது சாவு இல்ல, கல்யாணம். பொண்ணப் புகுந்த வீட்டுக்கு அனுப்பறாங்க. அவங்க அம்மா செத்துப் போகல. அதோ, கதவுகிட்ட நிக்கறாங்க பாருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அறையே அதிர்ந்தது. போன வாரம் ஆத்மசாந்தி வேண்டிய பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கறவளுக்கா வேண்டினோம்? கடவுளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சேதி செயலாளருக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, உயிரோட இருக்கற பொம்பளைக்கு ஆத்மசாந்தி வேண்ட வச்சிருக்கியே. இது வழிபாட்டுக் கூடமா, கூத்துக் கொட்டகையா?"

"கதையத் தப்பாச் சொன்னது நான்தாங்க ஐயா. ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கிட்டா சரி. இன்னையோட படத்த நிறுத்திடு."

"கதை சொல்றத நிறுத்திடறேன். படத்த நிறுத்த மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா?

"இங்க பாரு, புரியாத ஊர்ப் படத்தப் போட்டு ஜனங்களக் குழப்பறவ கையால தச்ச திரை இங்க தொங்க வேண்டாம். படமா, திரையா? நீயே முடிவு பண்ணு."

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனாலும் கால் பின்வாங்கவில்லை.

"ஐயா, அந்தப் பொம்பளைங்க அழுதது நிஜம். ஏன் அழறாங்கன்னு எனக்குத் தெரியல, அது என் படிப்புக் குறை. ஆனா முகந்தெரியாதவங்களுக்காக நம்ம ஜனம் எந்திரிச்சு நின்னு வேண்டினாங்களே, அதுல என்னங்க தப்பு? ஆண்டவன் அட்ரஸ மாத்தி எடுத்துக்க மாட்டானா? திரைய நீங்க கழட்டுறதுன்னா கழட்டுங்க. நான் கழட்ட மாட்டேன்."

கழற்றிவிட்டார்கள். கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். அவள் பிரார்த்தனைக்குப் போகாமல் இருக்கவில்லை. எப்போதும் போலப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். புதுத்திரை தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது, மின்விசிறிக் காற்றில் ஊஞ்சலாடியது. பக்கத்தில் இருந்தவள் காதில் கிசுகிசுத்தாள்: "பாருக்கா, சின்னப்பையன் கால்சட்டை மாதிரி இருக்கு." திரைக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்தாள். தையல் அறை ஜன்னலை அளந்தாள். மிச்சம் கிடந்த கறுப்புத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். திரைக்கு உள்பக்கம் கொடுக்கிற வெள்ளைத் துணியைப் படம் விழ இழுத்துப் பிடித்துச் சுவரில் அடித்தாள். அதன் கீழ்மடிப்பிலும் ஈயக் குண்டு வைக்க மறக்கவில்லை. கணவர் மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்தார். நாத்தனார் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"யாரு அண்ணி வரப்போறாங்க?"

"நீ வா."

"ஆடு வருமா?"

"வரும்."

"தொலையுமா?"

"வந்து பாரு."

சனிக்கிழமை மத்தியானம் முதலில் வந்தது அந்த ஆத்மசாந்திப் பெரியவள். "அந்தம்மாவ உயிரோட ஒருதரம் சரியாப் பாத்துடணும், மனசு கேக்கல" என்று முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். டீச்சரும் தயங்கித் தயங்கி வந்து, "நான் அடியில ஓடறதப் படிச்சுச் சொல்லட்டுமாக்கா?" என்றாள்.

"சொல்லுங்க டீச்சர். ஆனா முதல்ல ஒரு தடவ சும்மா பாத்துடுவோம். அவங்கவங்க பாத்ததச் சொல்லட்டும். அப்புறம் நீங்க படிங்க."

ஆடும் வந்தது, கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால், மணி கட்டிக்கொண்டு. நாத்தனார் "ஹை!" என்றாள். யாரும் கதை சொல்லவில்லை. கறுப்பு உடைப் பெண்கள் கதறினார்கள். கதவருகில் நின்ற தாய் மட்டும் அழவே இல்லை. மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். "அய்யோ, அவளால அனுப்ப முடியல" என்றாள் பெரியவள், தன் மகளையே பார்ப்பது போல.

அப்போது கதவு திறந்தது. பளீரென்று வெயில் உள்ளே பாய்ந்து படத்தை அழித்தது. வாசலில் செயலாளரின் மனைவி.

"அவரு சொல்லி அனுப்பினாரும்மா. புதுத்திரை சரியா நிக்கலையாம். இந்தப் படத்த விட்டுட்டா, பழையபடி நீயே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கினாள். "அது யாரு, நம்ம வீட்டுப் பொண்ணா? காலேஜ்ல மீட்டிங்னு சொன்ன?"

"வாங்க அத்தை" என்றாள் டீச்சர், கொஞ்சம் நகர்ந்து. "இங்க இடம் இருக்கு."

திரைக்காரம்மா எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயாகிட்டச் சொல்லுங்கம்மா, துணி அனுப்பினா நாளைக்கே தச்சுத் தர்றேன். படத்த மட்டும் விட மாட்டேன். இப்போ ஒண்ணு உக்காருங்க, இல்லன்னா போயிட்டு வாங்க. எதுவானாலும் கதவைச் சாத்துங்க, வெளிச்சம் வருது."

கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கமிருந்து.